இண்டிகேட்டர் மக்கர் செய்கிறதா? வாசலிலேயே சரிசெய்யலாம்

வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கத்தில் ஒரு நாள் காரில் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். மீட்டரில் பச்சை அம்பு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகமாகத் துடித்தது. என்னவோ ஏதோ என்று நினைப்பதற்குள் பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, “இன்னா சார், பின்னாடி லைட்டே எரியல. நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு நாங்க ஜோசியமா பார்க்கறது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ரிலே, அதாவது விளக்கைத் துடிக்க வைக்கும் ஃபிளாஷர், போய்விட்டது என்று மாற்றினார்கள். இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை. அடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சுவிட்சை மாற்றச் சொன்னார்கள், அதற்கும் தலையாட்டினேன். மூன்றாவது முறை கடுப்பாகி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே டிக்கியைத் திறந்து பின் விளக்கைக் கழற்றினேன். பல்ப் ஹோல்டருக்குள் பச்சைப் பசேலென்று களிம்பு. ஒரு துண்டு உப்புத்தாள், பத்து நிமிஷ வேலை. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சாத்துவாச்சாரியில் எங்கள் தெருக்காரர்கள் வண்டியில் எது எரியாவிட்டாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. ஆனால் இத்தனை வண்டிகளில் பார்த்த வரைக்கும் கோளாறு பெரும்பாலும் மூன்றே இடங்களில்தான் இருந்திருக்கிறது: பல்ப், ஹோல்டர், எர்த்து (கரண்ட் வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). ரிலேயும் சுவிட்சும் அதற்கு அப்புறம்தான். பழுது பார்ப்பவர்களில் பலர் இதைத் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால்

ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள். முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று பாருங்கள். சாவியை ஆன் செய்து இடது, வலது என்று தனித்தனியாக இண்டிகேட்டர் போடுங்கள். பிறகு சிவப்பு முக்கோணம் போட்ட ஹசார்ட் பட்டனை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து எது எரிகிறது, எது எரியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் நல்லது. எங்கள் எதிர்வீட்டுப் பையன் பின்னால் நின்று “எரியுது மாமா, இல்ல மாமா, போச்சு மாமா” என்று சொல்வான். ஆள் இல்லையென்றால் சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் வண்டியின் பின்பக்கத்தைச் சுவர் பக்கம் நிறுத்துங்கள். சுவரில் விழும் மஞ்சள் வெளிச்சத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாடியில் பார்க்கலாம். நம் ஊர் மத்தியான வெயிலில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பதே தெரியாது. பானெட்டிலும் கை வைக்க முடியாது. காலை ஒன்பது மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எழுதியதைப் படியுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாகத் துடித்தால், அந்தப் பக்கம் ஒரு பெரிய பல்ப் எரியவில்லை என்று அர்த்தம். இது வண்டி வேண்டுமென்றே தரும் எச்சரிக்கை. முன்னால் ஒரு 21 வாட், பின்னால் ஒரு 21 வாட், பக்கவாட்டில் ஒரு 5 வாட் என்பது சாதாரணக் கணக்கு. மூன்றும் எரிந்தால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 3.9 ஆம்பியர் ஓடும். ஒரு 21 வாட் பல்ப் செத்தால் 2.2 ஆம்பியருக்கு இறங்கிவிடும். கரண்ட் குறைந்ததைப் பார்த்துத்தான் எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வேகத்தை ஏற்றுகிறது. பக்கவாட்டு 5 வாட் மட்டும் போனால் பெரும்பாலும் வேகம் மாறாது, அதனால் அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மிகப் பழைய வண்டிகளில் இருக்கும் தகரடப்பா ஃபிளாஷர் இதற்கு நேர் எதிர். உள்ளே இருக்கும் உலோகப் பட்டை கரண்டில் சூடாகி வளைந்துதான் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றும். கரண்ட் குறைந்தால் சூடு போதாது. அதனால் மெதுவாகத் துடிக்கும், அல்லது துடிக்காமல் எரிந்துகொண்டே நிற்கும்.

ஹசார்டில் நான்கும் எரிகின்றன, ஆனால் இண்டிகேட்டர் லீவரைப் போட்டால் ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷப்படுங்கள். பல்ப், எர்த்து எல்லாம் சரி. ரிலேயும் அநேகமாகச் சரி. இண்டிகேட்டருக்கான ஃபியூஸ், ஹசார்ட் பட்டன், லீவர் சுவிட்ச் இந்த மூன்றில் ஒன்று. ஹசார்ட் பட்டனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பல பழைய வண்டிகளில் இண்டிகேட்டருக்குப் போகும் கரண்ட் அந்தப் பட்டனுக்குள் புகுந்துதான் வெளியே வரும். வருஷக்கணக்கில் யாரும் அழுத்தாத பட்டனுக்குள் தூசி சேர்ந்து தொடுமுனைகள் கறுத்துவிடும். சாவியை ஆஃப் செய்துவிட்டு அந்தப் பட்டனை இருபது தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். இந்த ஒன்றிலேயே இரண்டு வண்டிகள் சரியானதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மந்திரம் மாதிரித் தெரியும், வெறும் உரசல்தான்.

இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பிரேக் லைட்டோ பார்க்கிங் லைட்டோ கூடவே மங்கலாகத் துடிக்கிறது என்றால், எர்த்து போய்விட்டது. வந்த கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல் பக்கத்து பல்பின் வழியாகப் புகுந்து ஓடுகிறது. பார்க்கப் பயமாக இருக்கும் இந்தக் கோளாறுதான் சரிசெய்ய மிகச் சுலபமானது.

இரு பக்கமும் இல்லை, ஹசார்டும் இல்லை என்றால் ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். திருப்பம் முடிந்தும் லீவர் தானாகத் திரும்பவில்லை என்றால் அது ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கோளாறு. அதில் கை வைக்காதீர்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கைக் கழற்றுவது வீட்டு வேலை இல்லை.

என்னென்ன வேண்டும்

ஸ்டார் ஸ்குரூடிரைவர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், நைஸ் உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் வாசலின். அப்புறம் ஒரு டெஸ்ட் லேம்ப், அதாவது கரண்ட் வருகிறதா என்று எரிந்து காட்டும் சின்ன விளக்கு. கடையில் பேனா மாதிரி கிடைக்கும். இல்லாவிட்டால் 5 வாட் பல்ப், அதற்கான ஹோல்டர், இரண்டு மீட்டர் ஒயர், ஒரு முதலைக் கிளிப், இவை போதும், நீங்களே கட்டிக்கொள்ளலாம். மல்டிமீட்டர் இருந்தால் இருக்கட்டும். ஆனால் மின்னி மின்னி வரும் கரண்டை அதில் வைத்துப் பார்த்தால் எண் தாவிக்கொண்டே இருக்கும், புதியவர்களுக்குக் குழப்பம்தான். டெஸ்ட் லேம்ப் எரியும் அல்லது எரியாது, இடையில் பேச்சே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே டெஸ்ட் லேம்ப்பைக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலும் அவை ஏர்பேக்குக்குப் போகிறவை.

பல்ப்

பின் விளக்கு பல வண்டிகளில் இரண்டு ஸ்குரூவில் நிற்கும். டிக்கிக் கதவைத் திறந்தால் ஓரத்தில் தெரியும். கழற்றிவிட்டு விளக்கை நேராகப் பின்பக்கம் இழுங்கள். உள்ளே பிளாஸ்டிக் முளை பிடித்திருக்கும், அதனால் பக்கவாட்டில் நெம்ப வேண்டாம். பதினைந்து வருஷம் வேலூர் வெயிலில் நின்ற பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். நான் ஒன்றை உடைத்தபிறகுதான் இதைக் கற்றேன். முன் இண்டிகேட்டருக்குப் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து, ஹெட்லைட்டின் பின்பக்கம் கையை விட வேண்டும். ஹோல்டரை இடதுபுறமாகக் கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும். சில வண்டிகளில் பேட்டரியோ ஏர் ஃபில்டர் பெட்டியோ குறுக்கே நிற்கும். அதைத் தளர்த்தாமல் கையை நுழைத்தால் தோல் போகும்.

பல்பை உள்ளே அழுத்தி, இடப்பக்கம் திருப்பி எடுங்கள். கொஞ்ச நேரம் முன்பு எரிந்திருந்தால் சுடும், ஆறட்டும். கண்ணாடி கறுத்திருந்தாலோ உள்ளே கம்பி அறுந்திருந்தாலோ விஷயம் முடிந்தது. பார்க்க நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பாருங்கள். நல்ல 21 வாட் பல்ப் குளிர்ந்த நிலையில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் செத்தது. மீட்டர் இல்லையென்றால் எரிகிற பக்கத்து பல்பை எடுத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

புது பல்ப் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், வாயால் சொல்லாதீர்கள். காரணம் இருக்கிறது. விளக்கின் மேல்கண்ணாடி மஞ்சளாக இருந்தால் உள்ளே வெள்ளை பல்ப். மேல்கண்ணாடி வெள்ளையாக இருந்தால் உள்ளே மஞ்சள் பூசிய பல்ப். இரண்டும் 21 வாட்தான், ஆனால் வெள்ளையில் பல்பின் அடிப்பகுதியில் நீட்டியிருக்கும் இரண்டு காதுகளும் நேரெதிராக இருக்கும், மஞ்சளில் சற்றே தள்ளி இருக்கும். ஒன்று மற்றதன் ஹோல்டரில் உட்காராது. உட்காரவில்லையே என்று காதைத் தேய்த்து நுழைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வெள்ளை வெளிச்சத்தில் இண்டிகேட்டர் மின்னும், எதிரே வருகிறவருக்கு என்ன என்றே புரியாது. மோட்டார் வாகன விதிகளும் மஞ்சள்தான் என்கின்றன. பழைய மஞ்சள் பல்பில் பூச்சு உதிர்ந்து வெள்ளையாகிவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பிரேக் லைட் பல்பில் உள்ளே இரண்டு கம்பிகள், காதுகள் ஏறி இறங்கி இருக்கும். அதையும் இதையும் கலக்க வேண்டாம். எல்லாம் சேர்த்து ஒரு ஜோடி பல்ப், ஆம்பூர் பிரியாணி ஒரு பிளேட்டைவிட மலிவுதான். டிக்கியில் ஒரு ஜோடி கூடுதலாகக் கிடக்கட்டும்.

ஹோல்டரும் எர்த்தும்

புது பல்பும் எரியவில்லையா? இங்கேதான் நிதானம் வேண்டும், இங்கேதான் காசும் வீணாகிறது.

ஐப்பசி மழையில் விளக்கின் ரப்பர் வாஷர் வழியாகத் தண்ணீர் இறங்கும். வெயில் வந்ததும் உள்ளேயே ஆவியாகி, கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து, ராத்திரி மறுபடியும் ஹோல்டரில் சொட்டும். பித்தளைத் தகட்டில் பச்சை ஏறும், இரும்பில் துரு ஏறும். பேட்டரி மைனஸில் பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு ஒயரைக் கழற்றிவிட்டு, ஹோல்டருக்குள் உப்புத்தாளைச் சுருட்டி விட்டு மஞ்சள் பளபளப்பு தெரியும்வரை தேயுங்கள். டூத் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஒருவர் புளி போட்டுத் தேய்த்ததாகச் சொன்னார். இது குத்துவிளக்கு இல்லை. புளியின் புளிப்பு மூலையில் தங்கி, அடுத்த மாதமே இன்னும் அதிகமாக அரிக்கும். தேய்த்து முடித்ததும் வாசலின் ஒரு துளி, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு, தடவுங்கள்.

ஹோல்டரின் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு இருக்கும். அது அமுங்கிப் போயிருந்தால் பல்பின் அடிமுனையைத் தொடாது. சின்ன ஸ்குரூடிரைவரால் மெல்ல மேலே தூக்கி விடுங்கள். பிளாஸ்டிக் உருகி, பழுப்பாகி இருந்தால் தூக்கியும் பயன் இல்லை, ஹோல்டரையே மாற்றுங்கள்.

அடுத்து டெஸ்ட் லேம்ப். பேட்டரியை மறுபடி மாட்டி, கிளிப்பை வண்டியின் சுத்தமான இரும்பில், ஏதாவது ஒரு போல்ட்டில் கடிக்க விடுங்கள். இண்டிகேட்டரைப் போட்டு, ஊசியை ஹோல்டரின் அடித்தகட்டில் வையுங்கள். லேம்ப் மின்னினால் கரண்ட் இங்கே வரைக்கும் வருகிறது. மின்னாவிட்டால் வழியில் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. நம் வீடுகளில் முதல் சந்தேகம் எலி மேல்தான். ராத்திரியில் பானெட்டுக்குள் சூடாக இருக்கும், அது போதும் அதற்கு. ஒயரோடு கையால் தடவிக்கொண்டே போங்கள், கடித்த இடம் தட்டுப்படும்.

எர்த்தைப் பார்க்க இதையே திருப்பிச் செய்ய வேண்டும். கிளிப்பைப் பேட்டரி பிளஸில் மாட்டி, ஊசியை ஹோல்டரின் எர்த்துத் தகட்டில் வையுங்கள். ஒயர் எட்டாவிட்டால் இன்னொரு ஒயர் சேர்த்துக்கொள்ளுங்கள். லேம்ப் பிரகாசமாக எரிந்தால் எர்த்து நன்று. மங்கினால் அல்லது எரியாவிட்டால் ஹோல்டரிலிருந்து வரும் கறுப்பு ஒயரைப் பின்தொடருங்கள். பெரும்பாலும் டிக்கியின் உள்ளே எங்காவது ஒரு போல்ட்டில் போய் முடியும். அந்தப் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் துருவையும் பெயின்ட்டையும் தேய்த்து, இறுக்கமாக மறுபடி போடுங்கள். டிங்கரிங் பெயின்டிங் முடிந்து வந்த வண்டியில் இண்டிகேட்டர் எரியாமல் போவதன் ரகசியம் இதுதான். எர்த்துப் போல்ட்டின் அடியிலும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள்.

ஃபியூஸ், ரிலே

ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருக்கும். சாவி ஆஃபில் இருக்க, இடுக்கியால் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். நிறமே சொல்லிவிடும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சள் வேண்டாம். சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றி ஓட்டுகிற பழைய வித்தை வேண்டவே வேண்டாம். அப்போது ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும். புது ஃபியூஸும் போட்டவுடன் போனால் எங்கோ பிளஸ் ஒயர் உடம்பில் உரசுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள்.

ரிலே, அதாவது ஃபிளாஷர், எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம், காது கொடுத்தால் போதும். ஹசார்டைப் போட்டு டாஷ்போர்டுக்குக் கீழே கையை விடுங்கள், டிக் டிக் என்று துடிப்பது விரலில் தெரியும். மூன்று கால் ஃபிளாஷரில் பி என்பது பேட்டரி, எல் என்பது விளக்கு, இ என்பது எர்த்து. சாவி ஆஃபில் அதைப் பிடுங்கி, சாக்கெட்டில் பி துளைக்கும் எல் துளைக்கும் ஒரு துண்டு ஒயர் போட்டு இணையுங்கள். சாவியை ஆன் செய்து லீவரைப் போட்டால் விளக்கு துடிக்காமல் நிலையாக எரிய வேண்டும். எரிந்தால் கோளாறு அநேகமாக ஃபிளாஷரில்தான், இ துளையில் எர்த்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புதியது வாங்கலாம். எரியாவிட்டால் ஃபிளாஷரைக் குறை சொல்லாதீர்கள், லீவர் சுவிட்சையும் ஒயரையும் பாருங்கள். என் முதல் ஒர்க்‌ஷாப்பில் இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்திருந்தால் என் பணம் மிஞ்சியிருக்கும். வாங்கும்போது கால்களின் வரிசையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். உருவம் ஒன்றாக இருந்தும் பி, எல் இடம் மாறி வருவதுண்டு.

இப்போது வரும் வண்டிகளில் பலவற்றில் தனி ஃபிளாஷரே கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் பெட்டிதான் துடிக்க வைக்கிறது. டிக் டிக் சத்தமும் மீட்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருவது. அதில் ஒயர் போட்டு இணைக்கிற வேலை கூடாது. பல்ப், ஹோல்டர், எர்த்து, ஃபியூஸ் நான்கும் சரியாக இருந்தும் எரியவில்லையென்றால் அந்தப் பெட்டியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள். வாரண்டியில் இருக்கும் வண்டியை முதலிலேயே கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டுவிடுங்கள்.

எல்ஈடி போட்டவர்களுக்கு

அழகுக்காக எல்ஈடி பல்ப் மாற்றியதும் வேகமாகத் துடிக்கிறது என்று வருகிறவர்கள் அதிகம். எல்ஈடி இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. பல்ப் செத்துவிட்டது என்று ஃபிளாஷர் நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சமாளிக்க 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒவ்வொரு பல்புக்கும் இணையாகப் போடுவார்கள். அது ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 24 வாட்டைச் சூடாக்கி வீணாக்கும். பிளாஸ்டிக்கில் ஒட்டினால் பிளாஸ்டிக் உருகும், இரும்பில்தான் திருக வேண்டும். தனி ஃபிளாஷர் உள்ள வண்டியென்றால் எல்ஈடிக்கான ஃபிளாஷரை மாற்றிவிடுவது நல்லது. என்னைக் கேட்டால் பழைய பல்பே போதும்.

மூடுவதற்கு முன்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட் ஆன், பிரேக்கில் கால், இண்டிகேட்டர் ஆன். தனியாக எரிந்து, சேர்ந்து போட்டால் மங்குகிறது என்றால் எர்த்து இன்னும் சரியாகவில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடியில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். விதிப்படி நிமிஷத்துக்கு 60க்குக் குறையாமல் 120க்கு மிகாமல் இருக்க வேண்டும். அதாவது 15 விநாடிக்கு 15லிருந்து 30 வரை. பதினைந்து வருஷம் ஆன வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறவர்கள் இதை முந்தின நாளே செய்துவிடுங்கள். அங்கே போய் நின்று கண்டுபிடித்தால் ஒரு நாள் லீவு போச்சு.

விளக்கைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். அடியில் தண்ணீர் வெளியேற ஒரு சின்னத் துளை இருந்தால் ஊசியால் குத்தித் தூர் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு குடம் தண்ணீரை விளக்கின் மேல் மெதுவாக ஊற்றிவிட்டு, மறுநாள் காலை வெயில் ஏறியதும் கண்ணாடியின் உள்பக்கம் பாருங்கள். முத்து முத்தாகப் படிந்திருந்தால் வாஷரை மாற்றியாக வேண்டும்.